ஒரு ஆளுக்கு ஆறடி

எங்கள் பக்கத்தில் ஒரு மனிதன் தனியாக இருக்க விரும்பினால் அதற்கு மூன்று காரணங்களைத்தான் ஊர் ஒப்புக்கொள்ளும்: காதல் தோல்வி, தேர்தல் தோல்வி, மூலம். எனக்கு முதல் இரண்டும் வாய்க்கவில்லை. மூன்றாவதைப் பற்றி டாக்டர் அப்போது உறுதியாக எதுவும் சொல்லியிருக்கவில்லை. நான் ஆசைப்பட்டதெல்லாம் கொள்ளிடக் கரையில், ஒரு தூண்டிலோடு, ஒரே ஒரு ராத்திரி, யாரும் என்னிடம் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருப்பதற்குத்தான்.

திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில் நான் நூலகராக இருந்தேன். 'அமைதி காக்கவும்' என்று எழுதிய பலகை ஊரிலேயே அங்கே மட்டும்தான் உண்டு. அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு எல்லாவற்றையும் பேசித் தீர்ப்பார்கள். மின்விசிறி அந்த இடத்தில்தான் நன்றாகச் சுற்றும். வீட்டுக்கு வந்தால் ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, ஒரு அறை. கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், உரக்கப் படித்தால்தான் மனதில் நிற்கும் என்ற நம்பிக்கையோடு இருந்தாள். அறையில் எட்டு மாதமாக என் மாமனார் இருந்தார்.

மாமனாரைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த விவகாரத்தில் எனக்குப் போனது கொஞ்சம் மூங்கிலும் நிறைய மரியாதையும்தான். அதைவிடப் பெரிதாக ஒன்றை இழக்க இருந்தவர் அவர். பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர். மாமியார் காலமான பிறகு தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஒரே மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்ய, தனி வீட்டில் தானே கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பத்து நாள். பிறகு எங்கள் வீடு. பெண் கொடுத்த வீட்டில் கை நனைப்பதையே கௌரவக் குறைச்சலாக நினைக்கிறவர். 'ஒரு வாரம்' என்று சொல்லித்தான் வந்தார். அவருடைய ரெக்ஸின் பை, மடித்த வேட்டிகளோடு, கட்டிலுக்குக் கீழே எப்போதும் கிளம்பத் தயாராக இருக்கும். சாம்பாரில் உப்புக் கம்மி என்று நான் சொன்னால்கூட அவர் கண் அந்தப் பைப் பக்கம் போகும்.

"அப்பா மனசு நோகுற மாதிரி இந்த வீட்டுல ஒரு வார்த்தை வரக் கூடாது," என்று மனைவி சட்டம் போட்டிருந்தாள். "கோவிச்சுக்கிட்டு அந்தப் பூட்டிக் கெடக்குற வீட்டுக்குப் போனாருன்னா, இன்னொரு தடவை நெஞ்சைப் புடிச்சா ஒரு வாய் தண்ணி குடுக்க ஆள் கிடையாது. ஞாபகம் வச்சுக்குங்க."

ஞாபகம் வைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பதால்தான் ஆற்றங்கரைக்குப் போக முடிவு செய்தேன்.

தூண்டில் எனக்குப் பழக்கம்தான். கொள்ளிடத்துக் கெளுத்தி ராத்திரியில் நன்றாகக் கடிக்கும். சிக்கல் மீனிடம் இல்லை, மனிதரிடம். எங்கள் ஊரில் ஒருவன் ராத்திரி மீன் பிடிக்கப் போகிறேன் என்றால், "துணைக்கு வரட்டுமா?" என்று கேட்பது மரியாதை. "வேண்டாம்" என்பது அவமரியாதை. முந்தின வருஷ மார்கழியில் இப்படி மரியாதைக்குக் கட்டுப்பட்டு ஏழு பேராகப் போனோம். ஸ்டவ், குக்கர், கோழி, சீட்டுக்கட்டு, டேப்ரிக்கார்டர் எல்லாம் வந்தன. கொள்ளிடத்து மீன்கள் அன்று ராத்திரியே அரியலூர்க் கரைக்குக் குடிபெயர்ந்துவிட்டன. பனியில் திறந்த மணலில் படுத்ததில் எனக்கு நெஞ்சில் சளி கட்டி நான்கு நாள் குளுக்கோஸ் ஏறியது.

அதிலிருந்து பிறந்தவை இரண்டு தீர்மானங்கள். ஒன்று மனைவியுடையது: "தலைக்கு மேல கூரை இல்லாம நீங்க ராத்திரி வெளியில தங்கக் கூடாது." இன்னொன்று என்னுடையது: அந்தக் கூரை ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் இடம் கொடுக்க வேண்டும். 'வேண்டாம்' என்றால்தான் கோபம் வரும். 'இடமில்லை' என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கல்யாணப் பந்தியில் நின்று பழகிய வார்த்தை.

ஆக, ஒரு ஆள் கூடாரம். தேர்வு செய்வதில் நான் அவசரப்படவில்லை.

முதலில் குடையைப் பரிசீலித்தேன். கொல்லையில் படுத்துப் பார்த்ததில், தலைக்குப் பிடித்தால் முழங்காலோடு நின்றது. முழங்காலுக்கு நகர்த்தினால் மனைவி சொன்ன நிபந்தனை மீறப்பட்டது. அடுத்து தார்ப்பாய். கும்பகோணத்தில் ஒரு கடையில் கேட்டேன். "ஒரு ஆளுக்கா?" என்று கடைக்காரர் யோசித்தார். "லாரிக்கு இருக்கு சார், நெல்லுக்கு இருக்கு. ஆளுக்குன்னு எதுவும் வரலையே."

எஸ்.டி.டி. பூத்துகளெல்லாம் ரீசார்ஜ் கடைகளாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. நாடு திறந்துவிட்டது, எது வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் வரும் என்று பத்திரிகைகளில் படித்திருந்தேன். மைத்துனன் தன் அப்பாவுக்கென்று ஒரு செல்போன் அனுப்பியிருந்தான். மாமனார் அதைச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையை வைத்து மூடிக்கொண்டே இருப்பார். ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிட்டபோது நான் வாங்கிப் பேசினேன்.

"ஒரு ஆள் படுக்குற மாதிரி கூடாரம் அங்க கெடைக்குமா தம்பி?"

"ஒரு ஆளுக்கா? ஏன் அத்தான், அக்காகூடச் சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல. மீன் புடிக்க."

"அங்க மீன் மார்க்கெட் எடுத்துட்டாங்களா?"

லைன் விட்டுவிட்டு வந்தது. "சின்னதா", "ஒரு ஆளு" என்ற இரண்டு சொற்கள் மட்டும் கடலைத் தாண்டிப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து விடுமுறையில் வந்த ஒருவர் மூலம் பொட்டலம் வந்தது. பிரித்து உதறியதும் கூடாரம் தானாகவே விரிந்து நின்றது. மஞ்சள் நிறம். பக்கவாட்டில் பதினோரு வாத்துகள் வரிசையாக நடந்தன. உள்ளே போய்ப் படுத்தேன். இடுப்பு வரைக்கும் சிங்கப்பூர். அதற்குக் கீழே திருவிடைமருதூர். மகள் அன்று முழுக்கப் படிக்கவில்லை.

கடைசியில், படித்த மனிதன் எங்கே தேட வேண்டுமோ அங்கே தேடினேன். நூலகத்தில் அட்டை போன ஒரு சாரணர் கையேடு இருந்தது. 'ஒருவர் தங்கும் குடில்' என்று தலைப்பிட்டுப் படத்தோடு விளக்கியிருந்தார்கள். தரை ஈரம் ஏறாமலிருக்க முதலில் படுக்கை: இரண்டு நீளக் கழி, குறுக்கே ஏழு குச்சி, மேலே பச்சை ஓலை. அந்தப் பக்கம் அதோடு முடிந்தது. அடுத்த பக்கத்தை யாரோ ஒரு வாசகர் கிழித்துக்கொண்டு போயிருந்தார். பரவாயில்லை, அடித்தளம் போட்டுவிட்டால் கூரை தானாக விளங்கும் என்று நினைத்தேன். அரைப் புத்தகத்தைப் படித்துவிட்டு முழு நம்பிக்கையோடு கிளம்புவது எங்கள் தொழில்வியாதி.

தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, நூலகத்துக்கு விடுமுறை. காலையில் மூங்கில் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு எங்கள் வீட்டு விவரமெல்லாம் தெரியும். மாமனாரை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்த அன்று காரிலிருந்து கைத்தாங்கலாக இறக்கியவரே அவர்தான். பட்டியலை நீட்டினேன். என் முத்து முத்தான கையெழுத்தில் இப்படி இருந்தது:

ஒரு ஆளுக்கு.
பச்சை மூங்கில், ஆறடி – 2.
குறுக்குக் குச்சி, இரண்டடி – 7.
பச்சைத் தென்னங்கீற்று – 2.
கயிறு.

படித்து முடித்தவர், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஊரில் நூலகருக்கு யாரும் அப்படிச் செய்வதில்லை.

"மாமாவா சார்?" என்றார் குரலைத் தாழ்த்தி.

இவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியமாக இருந்தது. சரி, தெரிந்தவரிடம் மறைப்பானேன். "ஆமாங்க. மாமாவாலதான் இந்த ஏற்பாடே."

"ரொம்பக் கஷ்டப்பட்டாரோ?"

"அவருக்கு என்னங்க கஷ்டம்? எங்களுக்குத்தான். எட்டு மாசம் ஆச்சு. இனிமேலாவது கொஞ்சம் நிம்மதி."

கடைக்காரர் என்னை உற்றுப் பார்த்தார். "மனசுல உள்ளதை அப்படியே சொல்றீங்க சார். எல்லாரும் சொல்ல மாட்டாங்க." பிறகு தொழிலுக்கு வந்தார். "ஆறடி போதுமா?"

"காலை நீட்டுனா இடிக்காம இருந்தாச் சரி."

"எப்ப எடுக்குறீங்க?"

"நாளைக்கு. வெயில் தாழ்ந்ததும், நாலு மணிக்கு மேல."

"அதுக்குள்ள சிங்கப்பூர்லேருந்து தம்பி வந்துருவாருல்ல?"

"அவரு எதுக்குங்க? அவர்கிட்ட இதைச் சொல்லவே இல்ல. ஒரு தடவை அவரை நம்பி ஏமாந்தது போதும்."

அவர் பட்டியலை இன்னொரு தடவை பார்த்தார். "ஆத்தங்கரைக்குத்தானே?"

"கொள்ளிடத்துக்கே போயிடலாம்னு இருக்கேன். அங்கதான் அமைதியா இருக்கும்."

"அவ்வளவு தூரமா? தூக்குறதுக்கு ஆளு?"

"ஆளெல்லாம் எதுக்குங்க? மொபெட் பின்னாடி வச்சுக் கட்டி நானே எடுத்துக்கிட்டுப் போயிடுவேன்."

கடைக்காரர் பக்கத்தில் சாய்த்திருந்த மூங்கிலைப் பிடித்துக்கொண்டார். "அப்படியெல்லாம் பண்ணாதீங்க சார். நாங்க இத்தனை பேரு இருக்கோம், வராம இருப்பமா?"

இதுதான். இதற்குத்தான் நான் பயந்தேன். "நீங்க யாரும் வர வேணாம்ங்க. ஒரு ஆளுக்குத்தான் இடம்," என்றேன் கண்டிப்பாக.

"அது எங்களுக்கும் தெரியும் சார்," என்றார். கண் கலங்கியிருந்தது.

என்ன விலை என்று கேட்டேன். "இதுக்கெல்லாம் பேசக் கூடாது," என்று கையமர்த்திவிட்டார். டிரைசைக்கிளில் வீட்டுக்கே அனுப்பிவிடுவதாகவும் நான் மேற்கொண்டு ஆக வேண்டியதைப் பார்க்கலாம் என்றும் சொன்னார். வழக்கமாக 'போயிட்டு வாங்க' என்பவர் அன்று தலையை மட்டும் ஆட்டினார். 'வாங்க' என்ற சொல்லை ஒரு கடைக்காரர் எப்போது விழுங்குவார் என்பது எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நான் மீனைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

மேற்கொண்டு ஆக வேண்டியதைப் பார்த்தேன். கொசுவுக்குப் புகை போட ஒரு புது மண்சட்டி. அதில் கொளுத்த நான்கு வரட்டி. முகத்தை மூடிக்கொள்ள வெள்ளை மல்துணி எட்டு முழம். கெண்டை கூடுவதற்காகத் தண்ணீரில் தூவ இரண்டு படி பொரி. ஒவ்வொரு பொருளுக்கும் என்னிடம் மீன் சம்பந்தப்பட்ட காரணம் தயாராக இருந்தது. எந்தக் கடையிலும் யாரும் கேட்கவில்லை. எல்லோரும் எனக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். பொரிக்கடையில் வரிசையில் நின்றவர்களே ஒதுங்கி வழிவிட்டார்கள். நல்ல ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் வீட்டில் நடந்ததை மனைவி எனக்குப் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறாள், இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மாமனார் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஷாமியானா வாடகைக்கு விடுகிற பந்தல்காரர் ஒரு வேனில் வந்து இறங்கினார். துக்கச் செய்தி எங்கள் ஊரில் முதலில் பந்தல்காரருக்கு, பிறகுதான் சொந்தக்காரருக்கு. புது ஆள், மாமனாரை முன்பின் பார்த்ததில்லை.

"பெரியவரே, எத்தனை சேர் போடட்டும்?"

"என்ன விசேஷம்?" என்று கேட்டிருக்கிறார் மாமனார்.

"விசேஷம் இல்லிங்க. இந்த வீட்டுப் பெரியவர் தவறிட்டாராம்."

"எந்தப் பெரியவர்?"

"பட்டுக்கோட்டைக்காரராம். மருமவன் வீட்டோட வந்து இருந்தாராமே."

மாமனார் பேப்பரை மடித்தார். "எப்பத் தவறுனாரு?"

"காலையிலதான் போலருக்கு. மருமவன் பாவம், அவரே அலைஞ்சு எல்லாத்தையும் வாங்குறாரு. அம்பது சேர் போதும்ங்களா?"

"எம்பது போடு," என்றாராம் மாமனார். "பட்டுக்கோட்டையிலேருந்து சனம் வரும்."

சனம் வருவதற்குள் டிரைசைக்கிள் வந்தது. பச்சை மூங்கில், குறுக்குக் குச்சி, கீற்று, கயிறு. கயிற்றில் என் பட்டியல் செருகியிருந்தது. அவர் எழுந்து போய் அதை எடுத்து, கண்ணாடி போட்டு, இரண்டு தடவை படித்தார். பிறகு அறைக்குள் போனார். கட்டிலுக்குக் கீழேயிருந்து பை வெளியே வந்தது.

நான் தெருமுனையில் திரும்பியபோது வீட்டு வாசலில் ஷாமியானா கட்டியிருந்தது. யார் வீட்டு விசேஷம் என்று பார்த்துக்கொண்டே வந்து என் வீட்டிலேயே நின்றேன். எண்பது நாற்காலிகள். ஏழெட்டுப் பேர் எழுந்து நின்றார்கள். எதிர்வீட்டுக்காரர் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொள்ள முயன்றார். ஒரு கையில் மண்சட்டியும் இன்னொரு கையில் பொரி மூட்டையும் இருந்ததால் முடியவில்லை. என் தோளில் வெள்ளைத் துணி தொங்கியது. முதல் வரிசையில், நடுநாற்காலியில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மடியில் ரெக்ஸின் பையோடு மாமனார் உட்கார்ந்திருந்தார். தவறியவரே எதிரில் உட்கார்ந்திருந்தது, கிளம்பிப் போகப் போதுமான காரணமாக யாருக்கும் படவில்லை.

"வாங்க மாப்ளே," என்றார். "சட்டியும் வாங்கிட்டீங்களா? நல்லது. எதையும் மறக்கலை."

அப்போதுதான் என் கையில் இருந்ததையெல்லாம் ஊர்க்காரர்களின் கண்ணால் பார்த்தேன்.

"மாமா, இது மீன் புடிக்கிறதுக்கு!" என்று கத்தினேன்.

"அதிர்ச்சியில என்னென்னமோ பேசுறாரு," என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

"எனக்குக் கொள்ளி வைக்க எம்மவன் இருக்கான் மாப்ளே. நீங்க சிரமப்பட வேணாம்," என்றார் மாமனார். சத்தமே போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எட்டு மாசம் உங்களுக்குப் பாரமா இருந்துட்டேன். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தா தானா நடந்திருக்கும். நாலரை பஸ்ஸுக்கு நான் ஊருக்குக் கிளம்புறேன்."

மனைவி நிலைப்படியில் நின்றாள். "அப்பா அந்த பஸ்ல ஏறுனாருன்னா பின்னாடியே நானும் ஏறிடுவேன். நீங்க தனியாத்தானே இருக்கணும்னு ஆசைப்பட்டீங்க? இருங்க."

மணி இரண்டே கால். வாயால் சொன்னதை யாரும் நம்பத் தயாராக இல்லை. கட்டிக் காட்டுவது ஒன்றுதான் வழி. மூங்கிலைக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். சனமும் பின்னால் வந்தது. மாமனாரும், பையோடு, ஒரு நாற்காலியைத் தூக்கிவரச் சொல்லி வந்து உட்கார்ந்தார். கையேட்டை விரித்துவைத்துக்கொண்டு, அதில் சொன்னபடியே, இரண்டு மூங்கிலை இணையாகக் கிடத்தி, குறுக்கே ஏழு குச்சி கட்டி, கீற்றைப் பரப்பினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நிமிர்ந்து பார்த்தேன். கூட்டத்தில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"மிச்சம் எங்க?" என்றார் மாமனார்.

"அடுத்த பக்கத்துல இருக்கு மாமா."

"அந்தப் பக்கம் எங்க?"

"யாரோ கிழிச்சுட்டாங்க."

"லைப்ரேரியன் யாரு?"

"நான்தான் மாமா."

அவர் கையேட்டை வாங்கிக் கிழிந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "இதுக்குக் கூரை உண்டா, இல்லியா?"

"உண்டு. உங்க பொண்ணு போட்ட கண்டிஷனே அதுதான். கேட்டுப் பாருங்க."

மனைவி வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினாள்.

"பாடைக்குக் கூரை கிடையாது," என்று தீர்ப்பு மாதிரி சொன்னார். "கூரையைப் போட்டுக் காட்டுங்க. நம்புறேன்."

"பூப்பல்லக்கு கட்டுனா கூரை உண்டுங்க," என்றார் பந்தல்காரர், தொழில் ஞானத்தோடு. என் மனைவி பார்த்த பார்வையில் அவர் நாற்காலிகளை எண்ணப் போய்விட்டார்.

பட்டியலில் இல்லாத இரண்டு மூங்கிலையும் சில கீற்றுகளையும் கடைக்காரர், துக்க வீடாயிற்றே என்று, தாராளமாகச் சேர்த்து அனுப்பியிருந்தார். மூங்கிலை நட்டு, கீற்றைச் சாய்த்து வைத்தேன். விழுந்தது. மறுபடி சாய்த்தேன். என் மேலேயே விழுந்தது. மூன்றாவது முறை கீற்றை நான் தூக்கியபோது நாற்காலி கிறீச்சிட்டது.

"மாப்ளே! கீத்தை எந்தப் பக்கம் வச்சுக் கட்டுறீங்க? தலைகீழா வச்சா பெய்யுற மழை பூரா உள்ள எறங்கும்."

அறுபது வருஷம் தென்னையோடு வாழ்ந்த மனிதர். தன்னை அவமானப்படுத்தியதைக்கூடப் பொறுத்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பார். தலைகீழாகக் கட்டிய கீற்றைப் பார்த்துக்கொண்டு அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பையை நாற்காலியில் வைத்தார். சட்டையைக் கழற்றி அதன் மேல் போட்டார். செல்போனை மட்டும் மடியில் செருகிக்கொண்டார். அரிவாள் கேட்டு வாங்கி, உபரி மூங்கிலைத் துல்லியமாகப் பிளந்து, பட்டையாக்கி, மூன்று வளைவாக வளைத்துக் கழிகளில் கட்டினார். கீற்றைப் பிளந்து இரண்டு பக்கமும் இறக்கினார். மாமனாருக்கு நெஞ்சு நோவு என்று மனைவி பதறப் பதற, அரிவாளை மாற்றி வாங்கிக்கொள்ள நான் கை நீட்ட, "நீங்க தள்ளி நில்லுங்க மாப்ளே, இருக்குற காரியத்தைக் கெடுக்காதீங்க," என்றார்.

நாலேகாலுக்குள் கொல்லை நடுவே ஒரு குடில் நின்றது. உண்மையாகவே ஒரு ஆளுக்கு. நெல்மணியை நெடுக்கே பிளந்து கவிழ்த்து வைத்த மாதிரி, நீளமாக, வளைவாக, பச்சையாக. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அதில் நிம்மதியோடு கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

"அளவு பாக்கணும்," என்று சொல்லிவிட்டு மாமனார் தவழ்ந்து உள்ளே போனார். மல்லாக்கப் படுத்துக் காலை நீட்டினார். இடிக்கவில்லை.

வெளியே வரவில்லை.

ஐந்து நிமிஷம் பார்த்தோம். பிறகு பத்து. நாலரை பஸ் மெயின் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது கொல்லைக்குக் கேட்டது.

"அப்பா, பஸ்ஸு போவுது," என்றாள் மனைவி.

"போவட்டும்," என்றது உள்ளேயிருந்து குரல்.

அந்த நேரத்தில்தான் செல்போன் அடித்தது. செய்தி எப்படியோ பட்டுக்கோட்டை வழியாகச் சிங்கப்பூர்வரை போய்விட்டிருந்தது. யார் எடுப்பார்கள் என்று அவன் நினைத்தானோ தெரியாது. அப்பாவின் நம்பரையே கூப்பிட்டிருந்தான். ஒரு பெரிய அழுகைச் சத்தம் ஓலைக்குள்ளிருந்து எங்களுக்கே கேட்டது.

"யாரு, தம்பியா?" என்றார் மாமனார். "நான்தான் பேசுறேன்... ஆமாடா, நான்தான்... இல்ல இல்ல, போவலை. பஸ்ஸை விட்டுட்டேன்... கொல்லையில படுத்திருக்கேன்... நல்லாத்தான் இருக்கு, காத்து வருது." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் அழுகை நிற்கக் காத்திருந்தார். மகன் தனக்காக அழுவதை முழுசாகக் கேட்டு முடித்துவிட்டுத்தான், "சாப்பிட்டியா?" என்றார்.

கூட்டம் கலைந்தது. வந்தவர்களைச் சும்மா அனுப்பக் கூடாது என்று மனைவி டீ போட்டுக் கொடுத்தாள். பொரியையும் கொடுத்தாள், கெண்டைக்கு வாங்கிய பொரி. நான் குடிலின் வாய்ப்பக்கம் குனிந்தேன். மன்னிப்பு மாதிரி எதையாவது சொல்ல வேண்டும் என்று தலையை உள்ளே நீட்டினேன்.

"உள்ள வராதீங்க மாப்ளே," என்றார். "இடமில்லை."

குந்தி உட்கார்ந்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்த ரூம்புல பீரோ இருக்கு, சாமி படம் இருக்கு, பாப்பா பொஸ்தகம் இருக்கு. நாள் பூரா யாராவது எதையாவது எடுக்க வர்றீங்க. வர்றவங்க சும்மா போறதில்ல. மூச்சு வருதான்னு என் நெஞ்சை ஒரு பார்வை பாத்துட்டுப் போறீங்க. எட்டு மாசமா மூச்சு விட்டுக் காமிச்சுக் காமிச்சே எனக்கு அலுத்துப்போச்சு மாப்ளே."

அறையை அவர் பிடித்துக்கொண்டார் என்று நான் நினைத்திருந்த எட்டு மாதமும் அவர் எங்கள் நடைபாதையில் படுத்திருந்திருக்கிறார்.

அன்று பிடித்த இடத்தை அவர் விடவில்லை. காலைப் பேப்பரும் மதியத் தூக்கமும் குடிலுக்கு மாறின. மூன்றாம் வாரம் கீற்று பழுத்துப் பழுப்பாகிவிட்டது. அதன்பின் அதைப் பார்த்து யாரும் செருப்பைக் கழற்றவில்லை. மதியத்தில் அறை காலியாக இருந்ததால் நான் அங்கே போய்த் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். பத்து நிமிஷம் நன்றாக இருந்தது. பிறகு ஜன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்தேன், மூச்சு வருகிறதா என்று. "வருது, வருது," என்றார் உள்ளேயிருந்து.

ஒரு சனிக்கிழமை சாயந்தரம் வாத்துக் கூடாரத்தை மடித்து மொபெட்டில் கட்டினேன். தலைக்கு மேல் கூரை என்றுதானே நிபந்தனை? காலைப் பற்றிச் சட்டத்தில் எதுவும் இல்லை. காலுக்கு இரண்டு உரச்சாக்குகள் எடுத்துக்கொண்டேன். தூண்டில் முள்ளும் கயிறும் வைக்கப் பை தேடியபோது மாமனார் குடிலுக்குள்ளிருந்து கையை நீட்டினார். கையில் ரெக்ஸின் பை. காலியாக இருந்தது.

"இதை எடுத்துக்குங்க. வேட்டியெல்லாம் பீரோவுல வச்சாச்சு," என்றார்.

வாங்கிக்கொண்டேன். மொபெட்டை உதைத்துக் கிளப்பும்போது, மரியாதைக்குக் கேட்க வேண்டியதை அவர் கேட்டார்.

"துணைக்கு வரட்டுமா மாப்ளே?"

"இடமில்லை மாமா."

"நல்லது," என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.